கார் ஸ்டார்ட் ஆகவில்லை, ஐடிலில் நிற்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலான பதில்கள் எழுதப்பட்டுள்ளன. டீசலும் கார்புரேட்டரும் கடைசியில் தனியாக வருகின்றன. ஐடில் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக ஓடும் வேகம். ஒரு மல்டிமீட்டரும் வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் சாதாரண ஓபிடி ஸ்கேனரும் கையில் இருந்தால், இங்கே சொல்லியிருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வண்டி நிற்கும் இடத்திலேயே செய்து பார்க்கலாம்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பும்போது செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எஞ்சினைச் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவில்லை என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், அதற்குக் கரன்ட் கொண்டுபோகும் சுவிட்ச், ரிலே ஆகியவற்றில் ஒன்றுதான் கோளாறு. நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) பக்கம் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் புது பேட்டரி வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்து கேட்க வேண்டியது, எப்போது? காலையில் முதல் தடவை மட்டுமா, ஓட்டி நிறுத்தி கால் மணி நேரம் கழித்தா, மழை நாளிலா, பெட்ரோல் நிரப்பிய கையோடா? இதற்குச் சரியான பதில் இருந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

சாவியைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்று வேகமாகச் சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. செல்ஃபின் மேலே இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் இழுக்கிறது, மோட்டாருக்குக் கரன்ட் பாய்ந்ததும் பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது, சோலினாய்டு பிடியை விடுகிறது, சுமை போனதும் வோல்டேஜ் திரும்ப ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சுழற்சிதான் தொடர் டிக். பேட்டரியையும் டெர்மினல்களையும் பாருங்கள்.

ஒரே ஒரு கனமான "டொக்", அதற்குப் பிறகு அமைதி என்றால் கதை வேறு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் குறையாமல் அப்படியே இருந்தால் கரன்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை: சோலினாய்டின் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி அல்லது கேபிள். அரிதாக, எஞ்சினே இறுகி நின்றுவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும்.

"உய்ங்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பினியன் கியர் பிளைவீலோடு சேரவில்லை. "கரகர" என்று பல் அரைபடும் சத்தம் வந்தால் பினியனோ பிளைவீலின் ரிங் கியரோ தேய்ந்திருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டே தொடர்ந்து முறுக்காதீர்கள். செல்ஃபை மட்டும் மாற்றிச் சரியாகியிருக்க வேண்டிய வேலை, கியர்பாக்ஸை இறக்கி ரிங் கியர் மாற்றும் வேலையாகிவிடும்.

பேட்டரி நல்லதா கெட்டதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு டெர்மினலில் மீட்டரை வையுங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இப்போதுதான் ஓட்டி நிறுத்தினீர்கள் என்றால் இந்த எண் பொய் சொல்லும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்த பின் பாருங்கள்.

ஆனால் நிற்கும்போது 12.6 காட்டும் பேட்டரியும் செத்த பேட்டரியாக இருக்கலாம். செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12.6 சட்டென்று 7, 8 என்று விழுந்தால் உள்ளே தகடுகள் போய்விட்டன, எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பயனில்லை.

எஞ்சின் ஓடும்போது அதே டெர்மினலில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்நேட்டரைக் கட்டுப்படுத்துவதால் சில சமயம் 13-க்குக் கீழேயும் காட்டும். ஹெட்லைட்டையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டு மறுபடி பாருங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்றே செய்த ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி அதில் நீண்ட நாள் உழைக்காது.

புது பேட்டரி போட்டும் செல்ஃப் மெதுவாகத்தான் இழுக்கிறது. ஏன்?

கேபிள். பலரும் பார்க்காமல் விடுவது எர்த் கேபிளைத்தான். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால் செல்ஃபுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வழியில்லை. மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. நூறு இழைகளில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் "நல்ல கேபிள்" என்றே சொல்லும்.

சரியான வழி, சுமை ஓடும்போது வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். எஞ்சின் பிடிக்காமலிருக்க பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. பாசிட்டிவ் முளைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அதே சோதனையில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முனைகளைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது.

ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க கரன்ட் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கும்வரை அரை மணி நேரமாவது காத்திருந்து நெகட்டிவ் கேபிளோடு தொடராக ஆம்பியரை அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கித் திரும்பச் செருகும்போது தூங்கின கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளவில் ஏதாவது காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. காட்டும் ஃபியூஸ் வழியாகக் கரன்ட் போய்க்கொண்டிருக்கிறது.

வழக்கமான குற்றவாளிகள்: டிக்கி விளக்கு, பிறகு மாட்டிய கேமரா, மியூசிக் சிஸ்டம், ஒட்டிக்கொண்ட ரிலே. ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டையோடு பழுதானாலும் அது பேட்டரியைத் திருட்டுத்தனமாக வடிக்கும்.

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது எந்த வயர் முதலில்?

சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையை இறங்கிய வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கும், அதனால்தான் இந்த வரிசை. கழற்றும்போது அப்படியே தலைகீழ்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். அதிலும் பேட்டரி அடியோடு செத்திருந்தால் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் கிடைக்காது, தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை.

ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். பார்க்கில் எடுக்காமல் நியூட்ரலில் எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் பழுது. மேனுவல் என்றால் கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தீர்களா, அங்கே இருக்கும் சுவிட்சின் ரப்பர் உடைந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் ரிலேயை, அதே எண் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன வரிசையில் பார்ப்பது?

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிரிக்காதீர்கள், மிதவை பழுதான கேஜ் கால் டேங்க் காட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விட்டுவிட்டு எரிகிறதா? அது இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. சில வண்டிகளில் எஞ்சின் ஓரிரு நொடி பிடித்து உடனே அணையும், சிலவற்றில் பிடிக்கவே பிடிக்காது. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) காட்டுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனர் சுழியம் காட்டினால் கிராங்க் பொசிஷன் சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செய்தி வரவில்லை. எஞ்சின் சுற்றுகிறது என்று அதற்கே தெரியாதபோது அது ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் திறக்காது. பி0335 என்ற கோட் (கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் பிழை எண்) விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். சென்சாரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் பிளக்கையும் வயரையும் பார்த்துவிடுங்கள்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் பெட்ரோல். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுபோங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி "ஊம்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோதலில் பெட்ரோலை நிறுத்தும் கட் ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது, கடைசியாகத்தான் பம்ப். இன்னொன்று, சத்தம் கேட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஓடும், ஆனால் அழுத்தம் கட்டாது. சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்க வேண்டும்; உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எரிபொருள் தோலைத் துளைத்துவிடும்.

பிறகு ஸ்பார்க். கொஞ்ச நேரம் முறுக்கிவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. காய்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்க அதற்கான டெஸ்டரையே பயன்படுத்துங்கள். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பொறி பார்க்கும் பழக்கம் இன்றைய காயிலுக்கு ஒத்துவராது, அது பல்லாயிரம் வோல்ட் தருவது.

ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் முறுக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் சூடேறிக் கருகும்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, வழவழவென்று சுற்றுகிறது. இது எதன் அறிகுறி?

நிறுத்துங்கள். கம்ப்ரஷன் உள்ள எஞ்சின் "உர்-உர்-உர்" என்று ஏற்ற இறக்கத்தோடு சுற்றும். அந்தத் தாளம் இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கவோ பற்கள் தாண்டியிருக்கவோ வாய்ப்பு அதிகம். இன்டர்ஃபெரன்ஸ் வகை எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதும்; இன்னொரு முறை முறுக்கிப் பார்ப்போமே என்றால் வளையாமல் மிச்சமிருக்கும் வால்வும் வளையலாம். ஆயில் மூடியைத் திறந்து, இன்னொருவர் ஒரு கணம் சாவியைத் தட்டும்போது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

காலையில் நீண்ட நேரம் முறுக்கினால்தான் எடுக்கிறது. பிறகு நாள் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை.

சாவியை ஆன் செய்து இரண்டு நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால், இரவில் குழாயிலிருந்து பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கும் செக் வால்வு பிடிக்கவில்லை, அல்லது ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது.

அப்படியும் எடுக்கவில்லை என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் டெம்பரேச்சர் சென்சாரைச் சந்தேகியுங்கள். இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் 70 டிகிரி என்று காட்டினால், எஞ்சின் சூடாக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது. மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது பிளக் கழன்றிருக்கிறது. சென்சாரைக் கழற்றி அளந்தால் பெரும்பாலானவை 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும்.

சூடாக இருக்கும்போது மட்டும் எடுக்க மறுக்கிறது. ஆறவிட்டால் எடுக்கிறது.

சூடானால் செல்ஃபே மெதுவாகச் சுற்றுகிறது என்றால் செல்ஃபும் கேபிளும். நன்றாகச் சுற்றி எடுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். அதன் உள்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போவது வெகு சாதாரணம். ஓடும்போதே திடீரென்று அணைந்து, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எடுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எடுக்காத அந்த நேரத்திலேயே ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பெட்ரோல் பம்ப் ரிலேக்குள் விரிசல் விட்ட ஈயப் பற்றும் இதே விளையாட்டைக் காட்டும்.

பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. பெட்ரோல் கலப்படமா?

ஒவ்வொரு முறையும் நிரப்பியதும் நடக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரியாகிறது என்றால் பர்ஜ் வால்வு. டேங்கின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் அந்த வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், நிரப்பும்போது கிளம்பும் ஆவி முழுவதும் நேராக எஞ்சினுக்குள் போய்ச் சேர்கிறது. எஞ்சின் அணைந்திருக்கும்போது வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது.

எஞ்சின் ஃப்ளட் ஆகிவிட்டால், அதாவது உள்ளே பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால்?

ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சில நொடி முறுக்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

ஐடில் எவ்வளவு இருக்க வேண்டும்?

சூடான பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 650 முதல் 850 ஆர்பிஎம் வரை. குளிர்ந்த எஞ்சின் ஆயிரத்துக்கு மேல் ஓடி, சூடேறச் சூடேற இறங்கும். அது கோளாறு இல்லை.

ஐடிலில் நடுங்குகிறது, ரேஸ் கொடுத்தால் சீராகிவிடுகிறது. எதைப் பார்ப்பது?

ரேஸ் கொடுத்தால் மறைகிறது என்பதே பெரிய துப்பு. ஐடிலில் எஞ்சின் மிகக் குறைந்த காற்றில் ஓடுகிறது. ஒரு ஹோஸ் வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று கொஞ்சம் நுழைந்தாலும் அந்த நிலையில் அது பெரிய பங்கு. 2500 ஆர்பிஎம்மில் அதே கசிவு கடலில் கரைத்த பெருங்காயம்.

இதை உறுதிசெய்ய ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் கொடுக்கிறது என்பதை அது சொல்லும். சுழியத்தை ஒட்டி, 5 சதவீதம் இப்படி அப்படி இருப்பது நல்ல நிலை. ஐடிலில் பிளஸ் 20, ரேஸ் கொடுத்துப் பிடித்தால் பிளஸ் 3 என்று இறங்கினால், கணக்கில் வராத காற்று நுழையும் வேக்யூம் கசிவு என்றே எடுத்துக்கொள்ளலாம். மாறாக ஐடிலில் சரியாக இருந்து, சுமை ஏற ஏற பிளஸ் கூடினால் பலவீனமான பம்ப், அடைத்த ஃபில்டர் அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. மைனஸ் பக்கம் அதிகமாகப் போனால் எங்கோ தேவையில்லாத பெட்ரோல் நுழைகிறது: சொட்டும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு.

ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் கசிவு வேறு மாதிரி தெரியும்: நுழையும் காற்றுக்கும் சேர்த்து அது பெட்ரோல் கொடுத்துவிடுவதால் நடுக்கத்தைவிட ஐடில் உயர்வதே அதிகம்.

கசிவு எங்கே என்று தேட, காதில் ஒரு ரப்பர் குழாயை வைத்து "ஸ்ஸ்" சத்தத்தைத் துரத்தலாம். பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்டேக் கேஸ்கெட், ஏர் ஃபில்டருக்கும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்பு ரப்பர், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது ஐடில் மாறினால் பிரேக் பூஸ்டரின் டயஃப்ரம். கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை பலருக்குத் தெரியும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளை அடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புகை இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் சில நிமிடத்தில் ஓட்டை தெரிந்துவிடும்.

கசிவே இல்லை, ட்ரிம்மும் சரி என்றால், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கார்பன் பிடித்துத் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா?

இடம் மாற்றிப் பாருங்கள். கோட் பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றுங்கள். கோட் பி0303 ஆனால் காயில்தான். மாறவில்லை என்றால் பிளக்கை மாற்றிப் போடுங்கள், பிறகு முடிந்தால் இன்ஜெக்டரை.

எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் கம்ப்ரஷன் ஏறுகிறதா? பிஸ்டன் ரிங். ஏறவில்லையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது. ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன். அதற்குப் பிறகு ஐடில் அதிகமாகிவிட்டது!

கெடுத்துவிடவில்லை. கார்பன் படியப் படிய, அதே காற்றை உள்ளே விட கம்ப்யூட்டர் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். இப்போது கார்பன் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஐடில் ரீலேர்ன் செய்ய வேண்டும், அதாவது கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்க வேண்டும். சில வண்டிகளில் சற்று நேரம் ஓட்டினாலே சரியாகும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகச் செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின் ஐடில் தடுமாறுவது, கம்ப்யூட்டர் பழகியதை மறந்துவிடுவதால். அதற்கும் ரீலேர்ன்தான்.

எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டைச் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள்: கியர் உடையும், விரலும் சிக்கும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டுமே. துணியோ பிரஷோ படக் கூடாது.

ஐடில் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடுகிறது. ஏன்?

பழைய வண்டிகளில் ஐடில் கண்ட்ரோல் வால்வு அழுக்கு. புதியவற்றில் வேக்யூம் கசிவு. ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்து டெம்பரேச்சர் சென்சார் காற்றில் தொங்கினாலும் ஆடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஏசி போட்டால் அணைந்துவிடுகிறது.

கம்ப்ரசர் சேரும்போது கம்ப்யூட்டர் ஐடிலைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்க வேண்டும். த்ராட்டில் அழுக்காக இருந்தால் அந்தக் கூடுதல் காற்று போதாது. சுத்தம் செய்தும் அணைந்தால் கம்ப்ரசர் பேரிங் இறுகுகிறதா, ஏசி கேஸ் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆர்பிஎம் முள் அசையவே இல்லை, ஆனால் சீட்டும் ஸ்டியரிங்கும் அதிர்கின்றன.

எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. எஞ்சின் மவுண்ட் போய்விட்டது. ஆட்டோமேட்டிக்கில் டிரைவில் போட்டுப் பிரேக் பிடித்தால் கூடி, நியூட்ரலில் குறைந்தால் கிட்டத்தட்ட நிச்சயம்.

ஸ்கேனர் "பி0171, லீன்" என்கிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றவா?

வேண்டாம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று செய்தி சொன்னதே அந்த சென்சார்தான். சொன்னவரை மாற்றினால் செய்தி மாறாது. காற்று எங்கிருந்து நுழைகிறது, அல்லது பெட்ரோல் ஏன் குறைகிறது என்று மேலே சொன்ன ட்ரிம் கணக்கோடு தேடுங்கள். கோட் எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், வீட்டு எண்ணைச் சொல்லாது.

டீசல் வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரி, செல்ஃப் பகுதி அப்படியே பொருந்தும், இன்னும் கண்டிப்பாக. கம்ப்ரஷன் சூட்டில்தான் டீசல் எரிகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது.

அதற்குப் பிறகு சைலன்சரைப் பாருங்கள். முறுக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை: ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தண்ணீர், ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்தல்), இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரெயில் என்ற உயர் அழுத்தக் குழாயில் அழுத்தம் கட்டாமை. ஃபில்டர் மாற்றிய கையோடு எடுக்கவில்லை என்றால் ஏர் லாக்தான், கை பம்ப் இருந்தால் அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டர் பிளக்கைக் கழற்றாமலேயே, அதன் வயரை எடுத்துவிட்டு முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் அளக்கலாம். நல்லது ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும், எரிந்தது தொடர்பே காட்டாது.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. பிஸ்டன் நொறுங்கும்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறேன்.

காலைத் தொல்லை என்றால் சோக் மூடுகிறதா. ஐடில் தொல்லை என்றால் ஐடில் ஜெட் அடைப்பு. சூட்டுத் தொல்லை என்றால் பெட்ரோல் குழாயில் ஆவி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் விரிசலும் ஈரமும் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இதற்கு மேல் என்னால் முடியாது. மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

நீங்கள் நினைக்கும் நோயைச் சொல்லாமல் கண்ட அறிகுறியைச் சொல்லுங்கள். "பம்ப் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றால் பம்ப் மாறும், வண்டி அப்படியே இருக்கலாம். "சூடாக நிறுத்தி இருபது நிமிடம் கழித்து எடுக்கவில்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஆர்பிஎம் சுழியம் காட்டியது" என்றால் அவருக்கு வேலை பாதி முடிந்தது.

ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்துவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். கோளாறு நடந்தபோது இருந்த வெப்பநிலை, வேகம், சுமை எல்லாம் கோட் எண்ணோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். காலையில் மட்டும் வரும் தொல்லை என்றால் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, முதல் ஸ்டார்ட்டை அவரையே செய்யச் சொல்லுங்கள்.